பாராட்டப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்: வசியமும் வசீகரமும் ஒன்றா, வேறா?

மைக்காரன்

வணக்கம். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் திருவிழா, கல்யாணம், பிரியாவிடை என்று எதுவானாலும் மைக் பிடிப்பவன் நான். பதினைந்து ஆண்டுகளாக நாக்குப் புரண்டதில்லை. போன மாதம் புரண்டது. அதுவும் அகராதியைப் பார்த்துவிட்டுப் போய்ப் புரண்டது.

பணி ஓய்வு பெறும் ஆசிரியை ஒருவருக்கு விருந்து. அவரைப் பற்றிய குறிப்பை ஆங்கிலத்தில் அனுப்பியிருந்தார்கள். ‘சார்ம்’ மிகுந்தவர் என்று அதில் ஒரு வரி. கையிலிருந்த அகராதியைப் புரட்டினேன். வசியம், தாயத்து, மந்திரம், கவர்ச்சி, வசீகரம் என்று வரிசையாக நின்றன. முதலில் நிற்பதுதானே தலைமைச் சொல் என்று நினைத்து, “வசியம் மிகுந்த நம் ஆசிரியை” என்று முழங்கிவிட்டேன். இளையவர்கள் கைதட்டினார்கள். முதல் வரிசையில் இருந்த ஆசிரியையின் மாமியார், எண்பதை நெருங்கியவர், பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அதன்பின் ஏற்பாட்டாளர்களில் ஒருவர்கூட என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கேள்வி இதுதான். வசியமும் வசீகரமும் ஒரே குடும்பத்துச் சொற்கள் போலத்தானே ஒலிக்கின்றன? ஒன்றைச் சொன்னால் பாராட்டு, மற்றதைச் சொன்னால் வசவா?

ஒட்டுப்பால்

தம்பி, முதலில் உங்கள் பெயரை மாற்றுங்கள். மைக் பிடிப்பவர் என்பதால் மைக்காரன் என்று வைத்துக்கொண்டீர்கள். எங்கள் காலத்து ரப்பர்த் தோட்டத்தில் மைக்காரன் என்றால் வசிய மை விற்பவன். அந்தப் பெயரோடு போய் வசியம் என்று வேறு சொன்னால் கிழவி எழுந்து போகாமல் என்ன செய்வார்?

சிரிப்புக்குச் சொன்னேன். நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில் லயத்தைச் சுற்றி முள்கம்பி போட்டிருந்தது கண்ணில் நிற்கிறது. கம்பிக்குள் அரிசிக்கே கணக்கு. ஆனால் மை மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிடும்.

பால் நிறுக்கும் கொட்டகையில் வேலை செய்த இளைஞர் ஒருவர். பக்கத்து நிரையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டிய பெண்மேல் அவருக்குக் கண். வாரக்கணக்கில் வாங்கிய கூலியைக் கொடுத்து ஊர் சுற்றி வந்த ஒருவரிடம் மை வாங்கினார். நெற்றியில் இட்டுக்கொண்டு, அந்தப் பெண் வாளியோடு வரும் நேரம் பார்த்து எதிரில் நிற்க வேண்டும் என்பது முறை. நின்றார். பதினொரு மணி வெயில், தகரக் கூரை, கொட்டகைப் புழுக்கம். மை கரைந்து புருவத்தில் இறங்கி, மூக்கில் வழிந்து, மீசையில் சேர்ந்தது. அந்தப் பெண் பார்த்தார். வாளியைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆண்டே இருவருக்கும் கல்யாணம் நடந்தது. மை வேலை செய்ததா இல்லையா என்று எங்களுக்குள் அறுபது ஆண்டாக வழக்கு நடக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மைக்காரன் அவர்களே, காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றே. வடமொழியில் ‘வச’ என்றால் ஆட்சிக்கு உட்பட்ட நிலை. கைவசம், தன்வசம் என்று நாம் தினமும் சொல்கிறோம். வசப்படுத்துவது வசியம். வசப்படுத்தும் தன்மை வசீகரம். பிறர் வசமாகிவிடுவது பரவசம். ‘அவசியம்’ என்பதையும் இங்கேயே சேர்க்க வேண்டும். நம் வசத்துக்கு உட்படாதது, அதனால் தவிர்க்க முடியாதது. கல்யாணப் பத்திரிகையில் ‘அவசியம் வரவும்’ என்று அச்சடிக்கும்போது யாரும் இதை நினைப்பதில்லை.

வேர் ஒன்றானாலும் வாழ்க்கை வேறு. வசீகரம் முகத்தோடும் குரலோடும் போய்ச் சேர்ந்தது. வசியம் மையோடும் தகட்டோடும் தங்கிவிட்டது. மாந்திரீகர்கள் எண்ணும் எட்டுக் கருமங்களில் முதலாவது வசியம், கடைசி மாரணம், அதாவது கொலை. அந்த வரிசையில் நிற்கும் சொல்லைப் பிரியாவிடை விருந்துக்குக் கூட்டி வந்துவிட்டீர்கள்.

ஆங்கிலச் சொல்லின் கதையும் சுவையானது. ‘சார்ம்’ என்பது லத்தீன் ‘கார்மென்’ என்பதிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. கார்மென் என்றால் பாட்டு. ஓதும் மந்திரத்துக்கும் அதே சொல். முதலில் ஓதுவது, பிறகு ஓதிக் கட்டிய கயிறு, பிறகுதான் ஆளின் கவர்ச்சி. நம்மிடமும் பாட்டும் மந்திரமும் பக்கத்துப் பக்கத்து வீடுதான். தொல்காப்பியம் மந்திரத்தைச் செய்யுளியலில் வைத்துப் பேசுகிறது: “நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப.” மோகனம் என்று ஐந்து சுரத்தில் ஒரு ராகம் இருக்கிறது. நான் சொன்ன எட்டுக் கருமங்களிலும் மோகனம் இருக்கிறது. பாடகரை யாரும் சூனியக்காரர் என்பதில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இலக்கணம் நடத்தியே தலை நரைத்தவன் என்பதால். ‘கிளாமர்’ என்கிறார்களே, அது ‘கிராமர்’ என்ற சொல் ஸ்காட்லாந்துக்காரர் வாயில் திரிந்தது. இலக்கணம் படித்தவனுக்கு மந்திரமும் தெரியும் என்று பாமர மக்கள் நம்பிய காலத்து மிச்சம். நம்மிடமும் இலக்கணம், இலட்சணம் என்று இரண்டு இருக்கின்றன. ஒன்று நூலுக்கு, ஒன்று முகத்துக்கு. இரண்டும் ஒரே வேர் என்றால் தனித்தமிழ் அன்பர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், பொழுது போகும்.

சுங்கைக்கரை

வாத்தியார் ஐயா எல்லாவற்றையும் வேர்ச்சொல்லாக்கிவிட்டார். இதில் உண்மை எதுவும் இல்லை என்கிறீர்களா? வசியம் என்பது ஆளை மயக்குவது மட்டும் இல்லை. என் தாத்தா கடை திறக்கும்போது வாசலில் எலுமிச்சை கட்டுவார். கல்லாப்பெட்டிக்குள் மந்திரித்த தகடு இருந்தது. அதற்குச் சன வசியம் என்று பெயர். பக்கத்து மலாய்க் கடைக்காரரும் அவருடைய போமோவிடம், அதாவது மலாய் மந்திரவாதியிடம், ‘பெலாரிஸ்’ வாங்கி வைத்திருந்தார். லாரிஸ் என்றால் சரக்கு விறுவிறு என்று விற்பது. இரண்டு கடையும் நன்றாகத்தான் ஓடின.

ஒட்டுப்பால்

ஓடாமல் என்ன செய்யும்? நாற்பது கட்டைத் தூரத்துக்கு அந்த இரண்டு கடைகள்தானே இருந்தன! உங்கள் தாத்தா சம்பளத் தேதிவரை கடன் கொடுப்பார். குழந்தைகளுக்கு ஒரு கைப்பிடி கச்சான் கடலை கொடுப்பார். எனக்கும் கொடுத்திருக்கிறார். தகட்டை நான் பார்த்ததில்லை, கச்சானைத் தின்றிருக்கிறேன்.

பல்வரிசை

நான் ஈப்போவில் பல் சிகிச்சை நிலையத்தில் வேலை செய்கிறேன். வசியத்தைக் கண்ணால் பார்த்தவள் இந்த இழையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பல்லுக்காக முகம் முழுவதும் எக்ஸ்ரே எடுக்கிறோம். சில நேரம் தாடையிலும் கன்னத்திலும் பளிச்சென்று வெள்ளையாக ஊசி ஊசியாகத் தெரியும். அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல் நீளம். உடைந்த சிகிச்சைக் கருவியோ என்று புதிதாக வந்தவர்கள் பதறுவார்கள். அது மலாய்க்காரர்களின் ‘சுசுக்’. பொன் ஊசியை ஓதித் தோலுக்கடியில் செருகிவிடுவது. முகம் பொலிவாகும், பேச்சு எடுபடும், வியாபாரம் நடக்கும் என்று நம்பிக்கை. வெளியே தொட்டால் தெரியாது. மருத்துவ இதழ்களில் இதற்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் தெரியுமா? ‘சார்ம் நீடில்’. மைக்காரன் தேடிய அதே சொல்.

கேட்டால் பெரும்பாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். இஸ்லாத்தில் விலக்கப்பட்டது என்பதால் சொல்லக் கூச்சம். நாங்களும் துருவுவதில்லை. பொதுவாக அதனால் உடம்புக்குக் கேடு வருவதில்லை. ஆனால் ஊசி உள்ளே இருந்தால் சாகும்போது உயிர் எளிதில் பிரியாது என்றும் அவர்களே நம்புகிறார்கள். முதுமையில் அதை எடுப்பதற்கும் ஆள் தேட வேண்டும்.

மலாய்ச் சொற்களும் கவனிக்கத்தக்கவை. முகத்தை இனிமையாக்க ஓதும் மந்திரத்துக்குப் பெயர் ‘பெமானிஸ்’. மானிஸ் என்றால் இனிப்பு. நம்மைப் போல் கறுத்தும் களையாகவும் இருக்கும் பெண்களை ‘ஈத்தாம் மானிஸ்’ என்று பாராட்டுகிறார்களே, அதே இனிப்புதான். ‘பெசோனா’ என்ற சொல் மந்திரக் கட்டுக்கும் பொருந்தும், ஆளின் கவர்ச்சிக்கும் பொருந்தும். மலாயில் மைக் பிடித்திருந்தால் நீங்கள் தப்பித்திருப்பீர்கள்.

விடுதி மாணவன்

இயற்பியல் படிக்கும் என் பங்கு இது. புரோட்டான் போன்ற துகள்களை ஆக்கும் நுண்துகளுக்குக் குவார்க்கு என்று பெயர். அதன் வகைகளில் ஒன்றின் பெயரே சார்ம். 1964-இல் கிளாஷோவும் பியோர்கனும் அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று எழுதிப் பெயரும் வைத்தார்கள். இன்ன துகள் இன்ன விதமாகச் சிதைய வேண்டும் என்று கணக்கு சொன்னது, சோதனையில் அது நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்பதற்கு 1970-இல் இந்தக் குவார்க்குதான் பதிலாக நின்றது. வேண்டாததை விலக்கும் தாயத்து என்றே வைத்துக்கொள்ளலாம். 1974 நவம்பரில் இரண்டு குழுக்கள் தனித்தனியே அதன் தடயத்தைக் கண்டன. இரண்டாண்டு கழித்து நோபல் பரிசு. தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? வசியக் குவார்க்கு என்றால் மாமியார் எழுந்து போவாரா?

ஓய்வுபெற்ற வாத்தியார்

கவின் குவார்க்கு என்று வையுங்கள், தம்பி. ஒருவரும் எழுந்து போகமாட்டார்கள்.

மூன்றாம் லயம்

எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மா தைப்பிங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து இங்கே கல்யாணமாகி வந்தவர். அதிர்ந்து பேசமாட்டார். தண்ணீர்க் குழாயடியில் வரிசை முந்தி யாராவது குடத்தை வைத்தால்கூடச் சிரித்துக்கொண்டு நிற்பார். கல்யாணமான முதல் மாதச் சம்பள உறையை அப்பா பிரிக்காமல் அம்மா கையில் கொடுத்தார். அதுவரை அது பாட்டியின் கைக்குப் போனது.

அந்த வாரமே பாட்டி முடிவு செய்துவிட்டார்: மருமகள் மருந்து வைத்துவிட்டாள். சோற்றில் கலந்துவிட்டாள். இல்லாவிட்டால் பெற்ற பிள்ளை தாயை மறப்பானா? இதற்குப் பெயர் இடுமருந்து. இளையவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள்.

மருந்து எடுப்பவர் ஒருவரிடம் அப்பாவை அழைத்துப் போனார்கள். ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்கவைத்து, குடல் வெளியே வரும் அளவுக்கு வாந்தி எடுக்கவைத்தார்கள். அந்த ஆள் சட்டிக்குள் கையை விட்டு, தலைமுடி சுற்றிய ஓர் உருண்டையை எடுத்துக் காட்டினார். “இதுதான் உன் மனைவி வைத்தது” என்றார். பாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். அப்பா மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மூன்று நாள் பேரும் விழவில்லை, கூலியும் இல்லை.

அந்த உருண்டையை அப்பா கேட்டு வாங்கி மடியில் முடிந்து வந்திருந்தார். நான்காம் நாள் காலையில் அதை முகர்ந்து பார்த்தார். பத்து வயதிலிருந்து மரம் வெட்டியவர் அவர். ஒட்டுப்பால். பால் பிடிக்கும் மங்கில் காய்ந்துபோன ரப்பர்ப் பாலை உருட்டி, முடியைச் சுற்றியிருந்தார்கள். அந்த நாற்றத்தை எங்கள் லயத்தில் யாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

அப்பா பாட்டியிடம் சண்டைக்குப் போகவில்லை. உருண்டையை அடுப்பில் போட்டார். ரப்பர் எரிந்த வாடை வீடு முழுவதும் நின்றது. பாட்டியும் லயத்தில் வாழ்ந்தவர்தானே, அவருக்கும் புரிந்திருக்கும். ஆனால் ஊருக்குப் புரியவில்லை. அம்மா சாகும்வரை அவருக்குப் பின்னால் அந்தச் சொல் நடந்தது. நல்லது கெட்டதற்கு அம்மா சமைத்தால் சில வீட்டார் சாப்பிடாமல் போவார்கள்.

வேர்ச்சொல் அழகாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் எங்கள் பக்கத்தில் ஆண் பேசி ஆளைக் கவர்ந்தால் அது வசீகரம். பெண் பேசாமல் சிரித்துக் கவர்ந்தாலும் அது வசியம்.

ஒட்டுப்பால்

அம்மா, என் பெயரை இன்று மாற்றிக்கொள்ளலாமா என்று பார்க்கிறேன். விளையாட்டாக வைத்தது.

நீங்கள் கடைசியில் சொன்னது உண்மை. இந்தியர் காங்கிரசின் தலைவராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலம். தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960-இல் நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார், பத்துப் பத்து வெள்ளியாகச் சேருங்கள் என்று. கைக்கும் வாய்க்கும் எட்டாத கூலி வாங்கிய என் அப்பா அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுப் பணம் எடுத்துக் கொடுத்தார். முன்பின் தெரியாதவரை நம்பிப் பத்து வெள்ளி கொடுத்தாய் என்று என் அம்மா திட்டினார். ஆனால் அவர் மருந்து வைத்துவிட்டார் என்று சொல்லவில்லை. பேச்சில் சொக்குப்பொடி போடுகிற மனிதர் என்றுதான் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார்.

ஓய்வுபெற்ற வாத்தியார்

மூன்றாம் லயத்துச் சகோதரிக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் உங்கள் பாட்டியைப் போன்ற ஒரு தாயைச் சங்கப் பாட்டில் பார்த்திருக்கிறேன், அதைச் சொல்லலாமா?

மகள் காதலனை எண்ணி மெலிகிறாள். தாய்க்குத் தெரியாது. முருகன் அணங்கி வருத்துகிறான் என்று நினைத்து முருகன் பூசாரியான வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்குக் காயை உருட்டிக் குறி பார்க்கிறான், ஆடு அறுக்கிறான், ஆடுகிறான். இதற்கு வெறியாட்டு என்று பெயர். காரணம் என்ன என்று தோழிக்குத் தெரியும். நற்றிணையின் 34-ஆம் பாட்டில் அவள் முருகனையே ஒரு பிடி பிடிக்கிறாள்: “கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே.” நீ கடவுளாகவே இருந்துவிட்டுப் போ, ஆனாலும் நீ அறிவில்லாதவன்தான், வாழ்க! உன்னால் வந்த நோய் இல்லை என்று தெரிந்தும் கூப்பிட்டதும் வந்து நிற்கிறாயே என்கிறாள். உங்கள் அப்பா உருண்டையை அடுப்பில் போட்டபோது செய்தது ஏறக்குறைய அதுதான்.

அந்த ‘அணங்கு’ என்ற சொல்லே நம் சிக்கல் முழுவதையும் சுமந்துகொண்டிருக்கிறது. அச்சம் தரும் தெய்வமும் அணங்கு, அழகால் வருத்தும் பெண்ணும் அணங்கு. “அணங்குகொல் ஆய்மயில் கொல்லோ கனங்குழை மாதர்கொல் மாலும்என் நெஞ்சு” என்று வள்ளுவர் காமத்துப்பாலைத் தொடங்குகிறார். தெய்வமா, மயிலா, பெண்ணா என்று மயங்குகிறது மனம். ஆனால் அங்கே மயங்கியவன் தன் நெஞ்சைத்தான் கேட்கிறான். அவள் எதையோ கலந்து கொடுத்தாள் என்று ஊரைக் கூட்டவில்லை.

சுங்கைக்கரை

நான் தகட்டைப் பற்றி எழுதியதை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும், தாத்தா அப்படி நம்பினார், அவ்வளவுதான். கச்சானும் கொடுத்தார் என்பது எனக்கே இன்றுதான் தெரியும்.

மைக்காரன், நீங்கள் அந்தப் பாட்டியைப் போய்ப் பார்த்தீர்களா?

மைக்காரன்

பார்த்தேன். மூன்றாம் லயத்து அக்கா எழுதியதைப் படித்தபின் வீட்டில் இருக்க முடியவில்லை. நேற்று மாலை ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஆசிரியை கோயிலுக்குப் போயிருந்தார். பாட்டி வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

உங்களைப் போலவே நானும் நினைத்துப் போனேன்: மருமகளை இழிவாகப் பேசிவிட்டேன் என்று பாட்டிக்குக் கோபம், காலில் விழுந்துவிட வேண்டியதுதான் என்று. “தெரியாமல் சொல்லிவிட்டேன், பாட்டி, அகராதியைப் பார்த்துச் சொன்னேன்” என்றேன்.

பாட்டி என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவள் உன்னிடம் சொன்னாளா?” என்று கேட்டார்.

“எதை, பாட்டி?”

“அந்தக் காலத்துக் கதையை.”

யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் வந்த ஒரு வார்த்தை, அவ்வளவுதான் என்று சத்தியம் செய்தேன். “சொல்லவில்லையா?” என்று மறுபடி கேட்டார். இல்லை என்றேன். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குமேல் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எழுந்து வரும்போது, அப்படியானால் என்ன வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “முகராசிக்காரி என்று சொல்லியிருக்கலாமே. இந்த வீட்டுக்குள் அவள் வந்தபிறகுதான் விளக்கு எரிந்தது” என்றார். அதை ஆசிரியையிடம் சொல்லலாமா என்றதற்கு வேண்டாம் என்று கையை ஆட்டினார். வாசல் படியை நான் தாண்டியதும் கூப்பிட்டு, “சரி, சொல்லு” என்றார்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு பிரியாவிடை இருக்கிறது, இந்தமுறை தலைமைக் கிராணி, அதாவது தலைமை எழுத்தர், ஒருவருக்கு. குறிப்பு ஆங்கிலத்தில்தான் வந்திருக்கிறது. தமிழில் எழுதி முடித்ததும் இங்கே போடுகிறேன். நான் மேடை ஏறுமுன் வாத்தியார் ஐயா ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.